தம்பிக்கு: அடுத்த ஊரடங்குக்கு முன்

அன்புள்ள தம்பி,

இன்னொரு கொரோனா வந்தால் எச்.ஐ.வி. குளிசைக்கு என்ன வழி என்று கேட்டிருந்தீர். வருமுன் கேட்டது நல்லது. 2020 மார்ச் 20 பின்னேரம் இலங்கையில் ஊரடங்கு போட்டபோது, கிளினிக்குக்குப் போய்வர அவகாசம் தந்து போடவில்லை.

வன்னியில் ஆண்களை விரும்பும் ஆண் ஒருவர் எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறார் என்றால், பக்கத்துக் கிளினிக்கைத் தவிர்க்கவே பார்ப்பார். முல்லைத்தீவில் இருப்பவர் வவுனியாவுக்குப் போவார், கிளிநொச்சியில் இருப்பவர் யாழ்ப்பாணத்துக்கு, சிலர் கொழும்புக்கே. அங்கே வரிசையில் மாமியின் மகள் நிற்கமாட்டாள். சாதாரண காலத்தில் புத்தியான ஏற்பாடுதான். மாவட்ட எல்லையை மூடினால் அதுவே வினையாகிவிடும். கிளினிக் கொப்பியைக் காட்டிச் சோதனைச் சாவடியைத் தாண்டலாம், ஆனால் எந்தக் கிளினிக் என்பதும் அதே கொப்பியில்தான் இருக்கிறது. பொலிஸ்காரர் வாசிக்காவிட்டாலும் பின்னால் நிற்கிற ஊர்ச்சனம் வாசிக்கும்.

ஆகவே தூரத்துக் கிளினிக்கை விடவேண்டாம், ஆனால் பக்கத்துக் கிளினிக்குக்கு ஒரு கதவைத் திறந்து வையும். அடுத்த முறை போகும்போது டொக்டரிடம் மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, இரத்தத்தில் கடைசியாகப் பார்த்த வைரஸ் அளவு, சிடி4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை எல்லாம் உள்ள கடிதம் ஒன்று கேட்டு வாங்கும். அவசரத்தில் வேறொரு கிளினிக் உமக்கு மருந்து தருவதற்கு அது பெரிய உதவி. போத்தல் லேபிளையும் படம் எடுத்து வைத்திரும், உம்முடைய பெயர் விழாமல்.

கையிருப்புக்கு நாங்கள் சொல்லும் கணக்கு இது. மூன்று மாதத்துக்குத் தரச் சொல்லிக் கேளும். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. முடிந்த பிறகு போகாமல், 30 குளிசை மிச்சம் இருக்கும்போதே போம். புதுப் போத்தலை அடியில் வைத்துப் பழையதை முதலில் முடியும். இப்படிச் செய்தால் எந்த நாள் வீதியை மூடினாலும் ஒரு மாதம் கையில் நிற்கும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் பஸ் நின்றபோதும் இதே கணக்குத்தான் தேவைப்பட்டது; தொற்றுநோய்தான் வரவேண்டும் என்றில்லை.

வைக்கும் இடம் முக்கியம். பெரும்பாலான போத்தல்களில் 30 பாகைக்குக் கீழ் என்று போட்டிருக்கும். வன்னி வெயிலில் தகரக் கூரைக்கு அடியிலுள்ள மேல்தட்டும் மோட்டார் சைக்கிள் சீற்றின் அடியும் அதைத் தாண்டிவிடும். ஆட்களுக்குப் பயந்து குளிசையை வேறு டப்பாவில் கொட்டுகிறவர்கள் உண்டு. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் பழைய போத்தலோடு போய்விடும், மாரியில் குளிசை ஈரம் பிடிக்கும். போத்தலை மாற்றவேண்டாம், லேபிளுக்கு மேல் கடதாசி ஒட்டும், காலாவதித் திகதியை அதில் எழுதும். கிலுகிலுக்கிற சத்தத்துக்குக் கொஞ்சம் சுத்தமான பஞ்சு போதும்.

ஊரடங்கில் வீடு நிரம்பிவிடும், அதுதான் வீதி மூடுவதைவிடச் சிக்கல். வேலைத்தலத்தில் குளிசை எடுத்தவருக்கு இப்போது அம்மா, தங்கச்சி, சித்தப்பா எல்லோருடைய கண்ணும் மேலே. டொலுரெக்ராவிர் 50, லமிவுடின் 300, ரெனொபோவிர் 300 மில்லிகிராம் சேர்ந்த ஒற்றைக் குளிசை என்றால் எந்த நேரமும் எடுக்கலாம், சாப்பாட்டோடும் இல்லாமலும். எல்லோரும் தூங்கும் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளும். எபாவிரன்ஸ் உள்ள பழைய குளிசை என்றால் படுக்கும் நேரம், வெறும் வயிற்றில். அது கனவையும் மனச்சோர்வையும் கூட்டக்கூடியது. அடைபட்ட நாட்களில் மனம் இருண்டால் டொக்டரிடம் சொல்லும், 1926 க்கும் அழைக்கலாம்.

குளிசை குறைந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து இழுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதேயும். எபாவிரன்ஸ் உடலில் நாட்கணக்காகத் தங்கும், கூட உள்ள மருந்துகள் முன்னமே இறங்கிவிடும். அந்த இடைவெளியில் வைரஸ் தனித்து நிற்கும் ஒரே மருந்தோடு பழகி எதிர்ப்பைப் பெறும். முழுதாக நிறுத்தினால் பெரும்பாலும் சில கிழமைகளில் வைரஸ் அளவு திரும்ப ஏறும். ஹெப்படைட்டிஸ் பியும் உள்ளவருக்கு ஈரலே வீங்கலாம். பத்துக் குளிசை மிச்சம் என்றால் அன்றே கிளினிக்குக்கு அழையும். இரத்தப் பரிசோதனை ஒரு மாதம் பிந்தினால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, குளிசை பிந்தக்கூடாது.

2020 இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மருந்து தபாலில் வீட்டுக்கு வந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் கிராமத்துத் தபால்காரர் எல்லா வீட்டுக்கும் உறவு. பொதியில் கிளினிக் பெயர் போடவேண்டாம், அனுப்புநர் இடத்தில் ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுதுங்கள் என்று முன்கூட்டியே கேளும். பட்டணத்தில் நம்பிக்கையான நண்பரின் விலாசம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொரோனாக் காலத்தில் வீடெல்லாம் சிங்க் குளிசை, விற்றமின் போத்தல். டொலுரெக்ராவிர் எடுப்பவர் கவனிக்கவேண்டியது இதுதான்: சிங்க், அலுமினியம் அல்லது மக்னீசியம் உள்ள நெஞ்செரிவு மருந்து ஆகியவை அதைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. குளிசையை அவற்றுக்கு 2 மணி முன்போ 6 மணி பின்போ எடும். கல்சியம், இரும்பு என்றால் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் பிழையில்லை, அது மருந்துக்குப் பதிலாகாது.

எச்.ஐ.வி. மருந்தே கொரோனாவுக்குக் காவல் என்ற கதையும் ஓடியது. லோபினாவிர்-ரிட்டொனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளருக்குப் பயன் தரவில்லை என்று 2020 இல் பிரித்தானியாவின் றிக்கவரி ஆய்வு காட்டியது. ஆகவே குளிசையை யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டாம். தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோதும் எச்.ஐ.வி. உண்டு என்று சொல்லத் தேவை இருக்கவில்லை; இங்கே போட்ட எதுவும் உயிருள்ள நுண்மத் தடுப்பூசி இல்லை. சிடி4 200 க்குக் கீழ் உள்ளவர் மட்டும் மேலதிக ஊசி பற்றிக் கிளினிக்கில் கேட்கவேண்டும். அவரே கொரோனாவுக்கும் கூடுதலாகப் பயப்படவேண்டியவர். இருமலும் காய்ச்சலும் நீடிக்க, இரவில் வியர்த்து எடை குறைந்தால், கொரோனா இல்லை என்று முடிவு வந்தாலும் விடாமல் காசநோய்ச் சளிப் பரிசோதனை கேளும்.

கடைசியாக, பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து யாரைச் சந்தித்தீர் என்று கேட்கும் நாள். ஆணோடு ஆண் உறவைக் குற்றமாக்கும் வெள்ளைக்காரன் காலத்து 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு நெஞ்சு பதறுவது இயல்பு. 2023 மேயில், அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது, பிரிவுகள் அகலவில்லை. தொற்றைத் தேடுபவருக்கு வேண்டியது யார், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம். அதை உண்மையாகச் சொல்லும், இல்லாவிட்டால் நோய் அந்த நண்பரின் வீட்டு வயோதிபருக்குப் போகும். உங்கள் இருவருக்கும் இடையில் என்ன என்பது அவருடைய படிவத்துக்கு வேண்டாதது. நண்பர் என்றால் போதும். தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு ஏற்றினால் 14 நாளுக்கென்று சொன்னாலும் 21 குளிசை எடுத்துப்போம். அங்கே சிப்பாயிடம் ஒன்றும் விளக்கவேண்டாம், நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுக்கிறேன் என்று மருத்துவ அதிகாரியிடம் தனியே சொல்லும்.

அன்புடன்,
அண்ணன்மார்