மிராண்டாவின் மேல் பாதி: விண்வெளி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோள்களுக்குக் கலம் அனுப்பும் விண்வெளி நிறுவனங்களின் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

யுரேனஸைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் கேட்கப்போவதும் புதிய கோரிக்கை இல்லை, பல ஆண்டுகளாக உங்கள் மேசையில் கிடப்பதுதான். யுரேனஸைச் சுற்றி வர ஒரு கலம் அனுப்புங்கள். 2049-க்கு முன்னால் அது அங்கே போய்ச் சேரட்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து நிலவு உருண்டைகள் செய்தேன். அவளுக்கு வயது பத்து. நிலவின் வரைபடத்தைப் பட்டை பட்டையாக அச்சடித்து, ஓரம் வெட்டி, தெர்மாகோல் பந்தின் மேல் ஒட்ட வேண்டும். பட்டைகளின் முனைகள் துருவத்தில் சரியாகச் சேர்ந்துவிட்டால் ஒரு சின்ன உலகம் கையில் உருளும். வியாழனின் நிலவான யுரோப்பாவை ஒட்டினோம், உடம்பெல்லாம் கீறல் கீறலாக வந்தது. சனியின் என்செலடஸை ஒட்டினோம். தென்துருவத்தில் இருக்கும் நான்கு நீளப் பிளவுகளையும் அவளே விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். மூன்றாவதாக யுரேனஸின் மிராண்டா. கீழ்ப்பாதியில் உழுத வயல் மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமும். ஒரு பக்கம் கத்தியால் அரிந்தது போல் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர். மேல் பாதியில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் தாள்.

"மாமா, மேல பிரிண்ட் விழலையே. மை தீந்துடுச்சா?"

"இல்லம்மா, அந்தப் பக்கத்துக்குப் படமே கிடையாது."

"ஏன்?"

"படம் எடுத்தப்போ அங்க இருட்டு."

"எப்ப எடுத்தாங்க?"

1986 என்றேன். அவள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்கப்புறம் யாருமே போகலையா?" என்று கேட்டாள்.

யாருமே போகவில்லை. அதை அந்தக் குழந்தையிடம் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, தவறு என்னுடையதில்லை. ஆனாலும் பெரியவர்களுள் ஒருவனாக நான்தானே அங்கே உட்கார்ந்திருந்தேன்.

நாசாவின் வாயேஜர் 2 கலம் யுரேனஸைக் கடந்தது 1986 ஜனவரி 24-ஆம் தேதி. அப்போது எனக்கு வயது பதினொன்று. யுரேனஸ் தன் பாதையில் கிட்டத்தட்டப் படுத்தபடி உருளும் கோள், அச்சின் சாய்வு 98 டிகிரி. சூரியனை ஒரு முறை சுற்ற 84 ஆண்டு ஆகிறது. அதனால் ஒவ்வொரு துருவத்துக்கும் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. வாயேஜர் போன நேரத்தில் தென்துருவம் சூரியனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. நிலவுகளும் கோளின் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால் அவற்றுக்கும் அதே கதிதான். தென்பாதிகள் வெளிச்சத்தில் இருந்தன, வடபாதிகள் இருட்டில் கிடந்தன. கோளும் நிலவுகளின் பாதைகளும் சேர்ந்து ஒரு இலக்குப் பலகை மாதிரி நிற்க, கலம் அம்பு போல அதன் ஊடே பாய்ந்து போய்விட்டது. நெருங்கிப் பார்க்கக் கிடைத்தது சில மணி நேரம். மிராண்டா, ஏரியல், அம்பிரியல், டைட்டானியா, ஓபரான் என்ற ஐந்து பெரிய நிலவுகளில் ஒன்றுக்குக்கூட முழு வரைபடம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

இந்த வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டே நாற்பது ஆண்டு ஓடிவிட்டது.

நிலவுகளை விடுங்கள், கோளையாவது சரியாகப் பார்த்தோமா? யுரேனஸின் காந்தப்புலம் சுழல் அச்சிலிருந்து 59 டிகிரி சாய்ந்தது, நடுவிலிருந்தும் விலகி நிற்பது. வாயேஜர் அளந்தபோது, அந்தப் புலம் கோளைச் சுற்றி விரிக்கும் காந்தமண்டலம் விசித்திரமாக இருந்தது. கதிர்வீச்சுப் பட்டைகளில் எலக்ட்ரான்கள் மிகக் கடுமையாக இருந்தன, ஆனால் பிளாஸ்மா எனப்படும் மின்னேறிய வாயு ஏறக்குறைய இல்லவே இல்லை. பல ஆண்டுகள் இதுதான் யுரேனஸின் இயல்பு என்று பாடம் நடந்தது. 2024 நவம்பரில் வந்த மறு ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கலம் போவதற்குச் சில நாள் முன்னால் சூரியனிலிருந்து பாயும் துகள் ஓட்டமான சூரியக் காற்று பலமாக வீசி அந்தக் காந்தமண்டலத்தை நசுக்கியிருந்தது. அப்படி நசுங்கிய நிலையில் யுரேனஸ் இருப்பது 4 சதவீத நேரம்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒரு வீட்டுக்குப் போய், அன்று பார்த்து அங்கே புயல் அடித்து, அந்த வீடு எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதி வைத்த கதை இது. இதில் வாயேஜர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சின்னக் கலம் தன்னால் முடிந்ததற்கு மேலேயே செய்தது. ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டது நாம்தான்.

வெப்பத்திலும் இதே கதை. நெப்டியூன் சூரியனிடம் வாங்குவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலான ஆற்றலை வெளியே விடுகிறது. யுரேனஸோ உள்ளே வெப்பமே இல்லாத கோள் மாதிரி இருக்கிறது என்று 1986-இன் அளவுகள் சொல்லின. உடன்பிறந்தவை போன்ற இரண்டு கோள்களில் ஒன்று மட்டும் ஏன் ஆறிப்போனது என்று எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஏதோ பெரிய பொருள் வந்து மோதிய கதை, உள் அடுக்குகள் வெப்பத்தை அடைத்து வைக்கும் கதை என்று விளக்கங்கள் வந்தன. 2025-இல் வந்த கணக்குகளோ, யுரேனஸும் தான் பெறுவதைவிட 12 முதல் 15 சதவீதம் அதிகமாகவே வெளியிடுகிறது என்கின்றன. கேள்வி அதோடு முடியவில்லை, இன்னும் கூர்மையாகிவிட்டது. அதற்கான பதில் தூரத்துத் தொலைநோக்கியில் கிடைக்காது. அங்கே நின்று எல்லாக் கோணங்களிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும்.

தொலைநோக்கிகள் இருக்கின்றனவே என்று நீங்கள் சொல்லலாம். ஜேம்ஸ் வெப் எடுத்த யுரேனஸ் படத்தைப் பார்த்து நான் கண் கலங்கியவன். 2025-இல் அதுதான் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு புது நிலவையும் காட்டிக் கொடுத்தது, எண்ணிக்கை 29 ஆயிற்று. ஆனால் 290 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு மிராண்டாவின் மேட்டையும் பள்ளத்தையும் எந்தத் தொலைநோக்கி காட்டும்? கோளின் ஈர்ப்பை வைத்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எது சொல்லும்? ஹீலியமும் நியானும் அங்கே எந்த அளவில் இருக்கின்றன என்பதை அறிய வளிமண்டலத்துக்குள் ஒரு சிறு கலத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். வியாழனில் 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் கொண்டுபோன சிறு கலம் இறங்கியது. சனியின் நிலவான டைட்டனில் 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் என்ற கலம் தரையையே தொட்டது. யுரேனஸுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை.

சுற்றி வருவதற்கும் கடந்து போவதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு என்செலடஸைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. வாயேஜர் 2 அதை 1981-இலேயே படம் எடுத்தது. வழவழப்பான, வெள்ளை வெளேரென்ற நிலவு என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதன் தென்துருவத்துப் பிளவுகளிலிருந்து நீர் பீறிட்டு அடிப்பது, காசினி சனியைச் சுற்றத் தொடங்கிய பிறகு, 2005-இல்தான் தெரியவந்தது. பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பது அதற்கப்புறம் உறுதியானது. காசினி அங்கே 13 ஆண்டு இருந்தது. சனி தன் பாதையில் கிட்டத்தட்டப் பாதி தூரம் போகும் வரை கூடவே இருந்து, பருவம் மாறுவதைப் பார்த்தது. யுரேனஸின் நிலவுகளிலும் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். இருக்கிறதா இல்லையா என்று அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் நெப்டியூனுக்காகவும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. மணிக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அங்கே வீசுகிறது. அதன் டிரைட்டன், கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றும் பெரிய நிலவு. எங்கிருந்தோ வந்து நெப்டியூனின் பிடியில் சிக்கியது என்றுதான் கருதுகிறார்கள். மைனஸ் 235 டிகிரி குளிரிலும் அதன் தரையிலிருந்து கரும்புகை போலத் தூண்கள் எழுவதை வாயேஜர் 1989-இல் பார்த்தது. அதன் பிறகு அங்கேயும் ஆள் இல்லை. நெப்டியூன் ஆழ்ந்த நீல நிறம் என்று ஊர் உலகமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தோமே, அந்த நீலம் மேகங்கள் தெரிவதற்காகப் படத்தில் கூட்டி வைத்தது. உண்மையில் அதுவும் யுரேனஸைப் போல வெளிறிய பச்சை கலந்த நீலம்தான் என்று 2024-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் வந்த காலத்தில் ஆய்வாளர்களுக்கு இது தெரியும். ஆனால் படம் கைமாறிக் கைமாறிப் போனதில் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிட்டது. முப்பத்தைந்து ஆண்டாக ஒரு கோளின் நிறத்தைக்கூடத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அங்கே இன்னொரு கலம் போயிருந்தால் இவ்வளவு காலம் இது நீடித்திருக்குமா? சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்டுபிடித்த கோள்களில் நெப்டியூன் அளவை ஒட்டியவை ஏராளம். அவற்றைப் புரிந்துகொள்ளக் கைவசம் இருக்கும் இரண்டே இரண்டு மாதிரிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, 1977-இல் கிளம்பிய ஒரு கலம் சொன்னதுதான்.

என் கோரிக்கையை விட்டு எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2049-ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 2007-இல் யுரேனஸில் பகலும் இரவும் சமமாயின. அன்றிலிருந்து வெளிச்சம் வடக்கே திரும்பியிருக்கிறது. இன்று, இந்த வினாடியில், மிராண்டாவின் அந்த மேல் பாதியில் வெயில் விழுந்துகொண்டிருக்கிறது, பார்க்கத்தான் யாரும் இல்லை. 2049 வாக்கில் மறுபடி சமநாள் வரும். அதற்குப் பிறகு வடக்கு மெல்ல மெல்ல இருட்டுக்குள் போகும், வடதுருவத்துக்கு 42 ஆண்டு இரவு. பிந்திப் போனால் வாயேஜர் பார்த்த அதே தென்பாதியைத்தான் நாமும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அமெரிக்கக் கோள் அறிவியலாளர்கள் பத்து ஆண்டுக்கு ஒரு முறை கூடி முன்னுரிமைகளை வகுக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வெளியான அவர்களது அறிக்கை, அடுத்த பெரிய பயணம் யுரேனஸுக்கே, சுற்றுக்கலமும் உள்ளே இறக்கும் சிறு கலமும் சேர்ந்தே போக வேண்டும் என்று முதலிடம் கொடுத்துச் சொன்னது. 2031, 2032-இல் கிளம்பினால் வியாழனின் ஈர்ப்பு தள்ளிவிடும், பதின்மூன்று ஆண்டு வாக்கில் போய்விடலாம் என்றும் வழி காட்டியது. அதன் பிறகு நடந்தது என்ன? தயாரிப்பு தள்ளிப்போகிறது, கலத்துக்கு மின்சாரம் தரும் புளூட்டோனியம் போதவில்லை, முப்பதுகளின் நடுவிலோ கடைசியிலோ பார்க்கலாம் என்றே செய்திகள் வருகின்றன. வியாழனும் யுரேனஸும் அதே மாதிரி வரிசைக்கு வர மீண்டும் கிட்டத்தட்ட 14 ஆண்டு ஆகும். வியாழனின் தயவு இல்லாமலும் போகலாம், பயணம்தான் நீளும். நீண்டாலும் பரவாயில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஆண்டுத் தாமதமும் 2049-ஐ நம் பக்கம் இழுத்துக்கொண்டு வருகிறது.

பணம் இல்லை, வேறு வேலைகள் இருக்கின்றன என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வியாழனுக்கு ஜூஸ் என்ற கலம் கிளம்பியது, யுரோப்பா கிளிப்பர் கலமும் கிளம்பியது, இரண்டுக்கும் மகிழ்ந்தவன்தான் நான். வேறு ஒரு நாட்டின் வியாழன் திட்டத்தோடு ஒரு சிறு கலம் யுரேனஸையும் கடந்து போகும் என்ற செய்தியும் படித்தேன், நல்லது. ஆனால் அதுவும் கடந்துதான் போகும். ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசியில் நிற்பவனைப் பார்த்து அடுத்த தடவை என்று சொல்வது எத்தனை காலம்? 2011-இலும் இதே யுரேனஸ் திட்டம் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. அன்று ஆசையோடு கணக்குப் போட்ட இளைஞர்களின் தலை இன்று நரைத்திருக்கும். வாயேஜரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த அனுபவத்தை யாரிடம் ஒப்படைப்பது? இதைக் கோபமாகக் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன், கொஞ்சம் வந்துவிட்டது. மன்னியுங்கள்.

உங்களிடம் பணிவாகக் கேட்பது இதுதான். யுரேனஸ் சுற்றுக்கலத்துக்கு ஒரு கிளம்பும் ஆண்டைக் குறியுங்கள். புளூட்டோனியத்தை இன்றே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிறுவனத்தால் முடியாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யுங்கள். காசினி-ஹைகன்ஸ் அப்படிச் சேர்ந்து செய்ததுதானே. எப்படி ஆனாலும் 2049-க்கு முன்னால் போய்ச் சேரும்படி பாருங்கள்.

அன்றைக்கு அக்கா மகள் பென்சிலை எடுத்து அந்த வெள்ளைப் பாதியில் தானே மலையும் பள்ளமும் வரையப் போனாள். வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும் என்று தடுத்துவிட்டேன். "அப்ப யார்கிட்ட கேட்டா தெரியும்?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். 2045-இல் கலம் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு முப்பது வயது இருக்கும், எனக்கு எழுபது. இரண்டு பேருமாக உட்கார்ந்து மிச்சப் பட்டைகளை வெட்டி ஒட்ட முடியும். உருண்டை அலமாரியில்தான் இருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
இரவு வானம் பார்க்கும் ஒருவன்