13.3 அங்குல லேப்டாப்பில் வேறு திரை வைத்து அனுப்பியது குறித்துப் புகார்

காரைக்குடி
08.12.2025

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஃபுல் எச்.டி. திரை என்று சொல்லி விற்றுவிட்டு 1366 × 768 திரை அனுப்பியதும், எட்டு வாரமாக அலைக்கழிப்பதும் – பணத்தைத் திருப்பிக் கேட்டல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தீபாவளித் தள்ளுபடியில், அக்டோபர் 14ஆம் தேதி, உங்கள் சொந்த இணையதளத்தில் ரூ. 47,990 கட்டி 13.3 அங்குல லேப்டாப் ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறம், மெலிசான மூடி. எந்த மாடல் என்று உங்களுக்கே தெரியும். 17ஆம் தேதி வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை 14 போன், 9 மின்னஞ்சல், மதுரைக்கு ஒரு நடை. ஒன்றுக்கும் உருப்படியான பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

புகார் சின்னதுதான். உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது 1920 × 1080, அதாவது திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி. இதைத்தான் ஃபுல் எச்.டி. என்கிறார்கள். பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது 1366 × 768, வெறும் எச்.டி.

மற்றதையெல்லாம் சொல்லுமுன் அக்டோபர் 22ஆம் தேதி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலை 11 மணி வாக்கில் உங்கள் உதவி எண்ணில் பேசிய பெண், நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே, "எழுத்து மங்கலா தெரிஞ்சா கண் டாக்டரைப் போய்ப் பாருங்கம்மா, லேப்டாப்பை எதுக்குக் குறை சொல்றீங்க?" என்றார். நான் பதில் பேச வாயெடுப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. எனக்கு 54 வயது. 26 வருடமாகப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். என் கண்ணை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. செப்டம்பர் மாதம்தான் சோதனை செய்து புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். காசு கொடுத்துப் பொருள் வாங்கிய ஒருத்தியிடம் பேசுகிற பேச்சா இது? உங்கள் அழைப்புகளெல்லாம் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒரு தடவை கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அவசரப்பட்டு வாங்கியவள் இல்லை. என் அம்மா தேவகோட்டையில் படுத்த படுக்கையாக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறேன். என் பழைய 15.6 அங்குல லேப்டாப்பைச் சார்ஜரோடு தோளில் மாட்டித் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போய்விட்டது. அதனால் சின்னதாக வேண்டும். ஆனால் சின்னதாக வாங்கும்போதுதான் திரையில் எத்தனை புள்ளி என்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஆராய்ந்தேன். 11.6 அங்குலத்தில் 1920 என்றால் எழுத்து கடுகாகிவிடும், பெரிதாக்கிப் பெரிதாக்கியே பார்க்க வேண்டும். புள்ளி இன்னும் அதிகமுள்ள 4கே திரை என்றால் விலையும் ஏறும், பேட்டரியையும் தின்றுவிடும். 13, 14 அங்குலத்துக்கு 1920 × 1080தான் சரி, 1920 × 1200 கிடைத்தால் உயரம் கூடி இன்னும் நல்லது என்ற முடிவுக்கு வந்தோம். 1200 வரிசை உள்ளது என் கைக்கு எட்டவில்லை. உங்களுடையது எட்டியது. அவ்வளவு பார்த்து, அந்த ஒரு எண்ணுக்காகவே வாங்கிய பொருள் இது. அதே எடையில் ஐயாயிரம் ரூபாய் குறைவாக 1366 திரையோடு வேறு கம்பெனி லேப்டாப் இருந்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்.

ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். லேப்டாப் விற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1366 × 768இல் மொத்தம் 10,49,088 புள்ளிகள். 1920 × 1080இல் 20,73,600. கிட்டத்தட்டப் பாதிதான் எனக்கு வந்திருக்கிறது. 13.3 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 166 புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 118தான் இருக்கிறது.

அதனால் என் வேலையில் என்ன ஆகிறது என்பதையும் கேளுங்கள். டெமி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 34 வரி. நான் ஒரு பக்கம் மூலப்பிரதி, ஒரு பக்கம் லேஅவுட் முடிந்த பிடிஎஃப் என்று இரண்டையும் அருகருகே திறந்து வைத்துத்தான் பார்ப்பேன். மேலே மெனு, கீழே டாஸ்க்பார் போக, 768 வரிசையில் புத்தகப் பக்கத்துக்கு மிஞ்சுவது 600 சொச்சம். ஓரங்களையும் கணக்கில் சேர்த்தால் ஒரு வரிக்குப் பதினைந்து வரிசைகூடத் தேறாது. அதில் எழுத்தின் உடம்புக்குப் பாதி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு ஒரே ஒரு வரிசை, அதுவும் கறுப்பாக விழாமல் சாம்பல் பூத்தாற்போல் விழுகிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டுக்கும் உள்ளே வெள்ளை இடம் அடைத்துப்போய் ஒரே மாதிரி நிற்கின்றன. 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருப்பதைக் கேட்கிறோம். நடுவில் இருப்பது ஒரு க், அதன் மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்ப்பதற்குத்தான் எனக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

இதைச் சொன்னதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன வைத்தியங்கள் மூன்று. அக்டோபர் 18ஆம் தேதி பேசியவர், டிரைவரை (திரையை இயக்கும் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள், 72 மணி நேரம் பாருங்கள் என்றார். திரையில் புள்ளிகள் தொழிற்சாலையில் பதித்தது பதித்ததுதான். எந்த டிரைவர் வந்து புதிதாகப் பத்து லட்சம் புள்ளியைக் கொடுக்கும்? இது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அடுத்தவர் எழுத்து அளவை 125 சதவீதமாக வைக்கச் சொன்னார். வைத்தேன். 1366 திரையில் அப்படி வைத்தால் வேலை செய்ய 1093 × 614 அளவு இடம்தான் மிஞ்சுகிறது, மெனுவும் பட்டன்களும் பெருத்துப் பக்கத்தின் இடத்தை இன்னும் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாமவர் சொன்னதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது: "1920 சப்போர்ட் ஆகும் மேடம், எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவில பாருங்க, வரும்." வெளியே மானிட்டர் மாட்டினால் 1920 வரும் என்பது படம் அனுப்பும் சிப்பின் திறமை. அது மூடியில் இருக்கும் திரையின் அளவு ஆகாது. உங்கள் பக்கத்தில் 'திரை' என்ற தலைப்புக்குக் கீழேதான் 1920 × 1080 என்று இருந்தது. அக்டோபர் 14ஆம் தேதி எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் அந்த வரியை நீங்கள் சத்தமில்லாமல் மாற்றிவிட்டீர்கள், அந்தப் படமும் இருக்கிறது.

இப்படியே நாளைக் கடத்திவிட்டு, 24ஆம் தேதி 'மேலதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறோம், மூன்று வேலை நாள் பொறுங்கள்' என்றீர்கள். பொறுத்தேன். 29ஆம் தேதி கூப்பிட்டால், திருப்பி அனுப்புவதற்கான பத்து நாள் கெடு 27ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். பொறுக்கச் சொன்னது யார்? பெட்டி வந்த மறுநாளே புகார் செய்தவள் நான்.

மதுரை விஷயம். நவம்பர் 12ஆம் தேதி, கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டருக்கு லேப்டாப், பெட்டி, பில் மூன்றையும் எடுத்து வரச் சொன்னார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, காலை ஆறரைக்குக் காரைக்குடியில் பஸ் ஏறினேன். மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவு இன்னும் திறக்கவில்லை. திறந்ததும் டோக்கன் கொடுத்தார்கள், எண் 4. பத்தரைக்குக் கூப்பிட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கியதை இங்கே பார்க்க மாட்டோம் என்றார்கள். நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டிய பிறகு, என்ஜினியர் சாப்பிட்டு வரட்டும் என்றார்கள். மூன்று மணிக்கு வந்தார். நல்ல பையன், அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர்கூட அவர்தான் கொடுத்தார். லேப்டாப்பைத் திறந்து டிஸ்பிளே செட்டிங்ஸில் போனார். '1366 × 768, பரிந்துரைக்கப்படுவது' என்று இருந்தது. என்னிடமே திருப்பிக் காட்டினார். "நீங்க சொல்றது சரிதாம்மா, இது எச்.டி. பேனல்தான்" என்றார். ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'பழுது ஏதும் இல்லை.'

பழுது இல்லைதான்! பழுது என்று நான் எப்போது சொன்னேன்? லேப்டாப் ஓடவில்லை, சூடாகிறது, கோடு விழுகிறது என்று ஒரு வார்த்தை என் ஒன்பது மின்னஞ்சலில் இருக்கிறதா? நீங்கள் விற்றது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்கிறேன். அதற்கு நீங்கள் பழுது இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று சீட்டுக் கொடுத்து, புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டீர்கள். அன்று வீடு திரும்பும்போது இரவு எட்டரை. அம்மாவுக்கு மதிய மாத்திரை கொடுக்கப்படவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எந்த மாத்திரை என்று தெரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே 'எச்.டி.' என்றுதான் இருக்கிறது, 'ஃபுல்' இல்லை. ஆக, கிடங்கில் எடுத்து அனுப்பியவர்களுக்கு உள்ளே என்ன திரை என்று தெரியும். ஒரே பெயரில் இரண்டு திரை வைத்து விற்கிறீர்கள். மாடல் எண்ணின் கடைசியில் இருக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். உயர்ந்ததைக் காட்டித் தாழ்ந்ததை அனுப்பியிருக்கிறீர்கள். அரிசிக் கடையில் இப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. எங்கள் தொழிலில் வருடச் சம்பாத்தியமே நவம்பர், டிசம்பரில்தான். இந்தத் திரையில் ஒரு கவிதைத் தொகுப்பு பார்த்துக் கொடுத்தேன். 'மனம்' என்று இருக்க வேண்டிய தலைப்பு 'மணம்' என்று அச்சாகிவிட்டது. 500 பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தப் பதிப்பக ஐயா எனக்கு 20 வருடமாக வேலை கொடுத்தவர், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இந்த முறையும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு புத்தகங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். 26 வருடம் சேர்த்த பெயர் உங்கள் ஒரு லேப்டாப்பால் போயிற்று. இனி எனக்கு இந்தத் தொழிலில் எதிர்காலம் உண்டா என்றே தெரியவில்லை. இதற்கு எந்தத் தொகை ஈடு என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. தயவுசெய்து இதை ஒரு பொறுப்பான அதிகாரி கையில் கொடுங்கள். எனக்கு வேண்டியது: ஒன்று, நான் பணம் கட்டிய அதே 13.3 அங்குலம் 1920 × 1080 திரையோடு வர வேண்டும், இல்லையென்றால் ரூ. 47,990 முழுதாகத் திரும்ப வேண்டும். எடுத்துச் செல்ல நீங்கள்தான் ஆள் அனுப்ப வேண்டும், மறுபடி மதுரைக்கு நான் வர மாட்டேன். அதோடு, அக்டோபர் 22 பேச்சுக்கு எழுத்து மூலம் மன்னிப்பு வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் இது நடக்காவிட்டால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசமும் இருக்கிறது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே போனால் பொருளின் விலையோடு நிற்க மாட்டேன், மன உளைச்சலுக்கும் தொழில் நஷ்டத்துக்கும் சேர்த்து இரண்டு லட்சம் கேட்பேன். ஆனால் அந்த அளவுக்குப் போகவிட மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன். என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்ததும் உங்கள் லேப்டாப்தான். ஏழு வருடம் நன்றாக உழைத்தது.

பில், இரண்டு தேதியிலும் எடுத்த உங்கள் பக்கத்தின் படம், பெட்டி ஸ்டிக்கரின் படம், மதுரையில் கொடுத்த சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். செப்டம்பரில் கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலும் கூடவே இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அதைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.