கடல் பறவைகளுக்காகக் கைகொடுத்த ஊத்தான் மெலிந்தாங் மக்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்மக்களுக்கு வணக்கம்.

கோயில் மண்டபத்தில் நாம் நடத்திய கடல் பறவைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வாடகை மேசைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சுவரில் மாட்டியிருந்த படங்கள் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் போய்விட்டன. அன்றைக்கு இருந்த கூட்டத்தில் பல பேரிடம் சரியாக முகம் பார்த்துக்கூடப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

"செம்பனைக் காட்டுக்குள் இருக்கிற நமக்குக் கடல் பறவை எதற்கு?" என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பெர்ணம் ஆற்றில் இறங்கும் படகு அப்படியே கடலுக்குத்தான் போகிறது. நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கிற கெம்போங் மீனும் அந்தக் கடலிலிருந்துதான் வருகிறது. மீனுக்கு என்ன நடக்கிறது என்பதை நமக்கு முன்பே தெரிந்துகொள்கிற உயிர் கடல் பறவை. கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் பிறகு நாற்காலி தூக்க வந்து நின்றார்கள். அவர்களுக்கு முதல் நன்றி.

பறவைகளை எண்ணுவதற்காக எங்களைப் பேராக் கரைக்கு அப்பால் இருக்கிற செம்பிலான் தீவுகள் வரை ஏற்றிப்போன தெக்கோங் (படகோட்டி) அண்ணனுக்கு அடுத்த நன்றி. எண்ணெய்க் காசுக்கு மேல் ஒரு வெள்ளிகூட வாங்க மறுத்துவிட்டார். பறவை எங்கே கூடுகிறதோ அங்கே வலையை இறக்கு என்று அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தாராம். அடியில் பெரிய மீன் துரத்த, பொடி மீன்கள் மேலே வர, ஆலா என்கிற கடல் பறவைகள் வந்து விழும். அதைப் பார்த்தே மீன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள். இப்போது அப்படிப்பட்ட பெரிய கூட்டத்தைப் பார்ப்பது அரிது என்றார்.

பாறை ஒன்றின் அருகே அவர் இயந்திரத்தை நிறுத்தியதால்தான் கரும்பிடரி ஆலாவைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்த்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளை. கண்ணிலிருந்து பிடரி வரை மை தீட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. அலகின் குறுக்கே ஒரு பொடி மீனோடு ஒன்று வந்து இறங்கியது. இன்னொன்றின் முன்னால் சிறகைத் தாழ்த்தி நடந்து, அது வாங்கிக்கொள்ளும்வரை நின்றது. சோடி சேரும் பருவத்தில் ஆண் ஆலா இப்படித்தான் மீன் கொண்டுவந்து கொடுக்கும். இந்த இனத்துக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெறும் பாறையிலோ மணலிலோ முட்டை வைக்கும். அதனால் ஒரு படகு வந்து நின்று ஆள் இறங்கினாலே பறவைகள் எழும்பிவிடும், வெயிலில் முட்டை கெட்டுவிடும். நாங்கள் பாறையில் இறங்காமல் படகிலிருந்தே எண்ணியதற்கு அதுதான் காரணம்.

ஓய்வு பெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயாவுக்கு நான் தனிப்பட்ட முறையில் கடன்பட்டிருக்கிறேன். எண்ணிய பறவைகளை எப்படிப் பதிவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் செக்ரோல் (ஆள் பதிவேடு) போடுகிற மாதிரியே கட்டம் போட்டுக் கொடுத்தார். தேதி, நேரம், காற்று, கடல் ஏற்றமா வற்றா, யார் எண்ணினார்கள், எந்தப் பாறை. "இன்றைக்குப் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்குக்கு) யார் வந்தார்கள் என்று எழுதுவது முக்கியமில்லை. போன வருஷம் வந்தவன் இந்த வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்க முடிய வேண்டும், அதற்குத்தான் புத்தகம்" என்றார். கடல் பறவை ஆய்வின் சாரமே இதுதான். ஸ்காட்லாந்துக் கரைக்கு அருகில் பாஸ் ராக் என்றொரு பாறைத் தீவு உண்டு. கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடல் பறவை அங்கே லட்சக்கணக்கில் கூடும். 2014இல் எண்ணியபோது 75,000க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. 2022இல் பறவைக் காய்ச்சல் வந்து போன பிறகு, 2023இல் எண்ணினால் 52,000கூட இல்லை. முன்பு எண்ணி வைத்திருந்ததால்தான் எவ்வளவு போனது என்று சொல்ல முடிந்தது. உலகளவில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட கடல் பறவைக் கூட்டங்களை எடுத்துப் பார்த்ததில், 1950க்கும் 2010க்கும் இடையில் சுமார் 70 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் பக்கத்துப் பாறைகளுக்கு இப்படி ஒரு புத்தகம் நம் கையில் இல்லை. ஐயா போட்ட கட்டத்தில் இப்போது முதல் பக்கம் நிரம்பியிருக்கிறது.

கண்காட்சியில் அதிகக் கூட்டம் நின்றது எலி மேசையில்தான். அதற்குக் காரணமான ஆந்தைப் பெட்டி மண்டோர் (கங்காணி) மாமாவுக்கு நன்றி. செம்பனைக் குலையை எலி எப்படிக் கடித்து வைக்கும், அதற்காக எலியைத் தின்னும் ஆந்தை தங்குவதற்குத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி எப்படி நடுவார்கள் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தீவுகளில் கடல் பறவைக்குப் பெரிய எதிரியும் அதே எலிதான் என்பது பலருக்குப் புதுச் செய்தி. கப்பலோடு எலி தீவில் ஏறிவிடும். தரையிலும் பொந்திலும் முட்டையிடும் பறவைகளுக்கு எலியைத் தெரியாது, தப்பிக்கவும் தெரியாது. இங்கிலாந்துக்கு மேற்கே லண்டி என்ற தீவில் 2002 முதல் 2004 வரை எலிகளை முழுவதுமாக ஒழித்தார்கள். அங்கே பொந்தில் முட்டையிடும் மேங்ஸ் ஷியர்வாட்டர் என்ற பறவை 2001இல் ஏறக்குறைய 300 சோடி. 2017இல் 5,500 சோடி. 2023இல் 12,000க்கும் மேல். இருபது வருஷத்தில் ஒரு தீவே திரும்பி எழுந்தது.

"அப்படியானால் தீவுக்கெல்லாம் ஆந்தையைக் கொண்டுபோய் விட்டால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டான். மாமா அதற்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதி வைக்கிறேன். தோட்டத்தில் ஆந்தை எலியைத் தின்னும், சரி. தீவில் அதற்கு எலியைவிடச் சுலபமாகக் கிடைப்பது பறவைதான். செய்ஷெல்ஸ் தீவுகளில் போன நூற்றாண்டின் நடுவில் எலிக்காக இப்படி ஆந்தைகளை விட்டுப் பார்த்தார்கள். அவை அங்கிருந்த வெள்ளை ஆலாக்களைப் பிடித்துத் தின்றன. ஓர் இடத்து மருந்து இன்னோர் இடத்தில் விஷமாகிவிடும் என்று மாமா முடித்தபோது, பின்னால் நின்ற தோட்டத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்ப் பெரியவர் லாயாங் லாயாங் தீவைப் பற்றிப் பேசினார். சபாவுக்கு வடமேற்கே நடுக்கடலில் இருக்கிற பவளத் திட்டு அது. 1980கள் முதல் மண் கொட்டி மேடாக்கி, கடற்படை நிலையமும் பிறகு விமான ஓடுதளமும் அமைத்தார்கள். மனிதன் கொட்டிய அந்த மண்ணிலும் ஆலாக்களும் பழுப்பு பூபி என்கிற கடல் பறவைகளும் வந்து முட்டையிடுகின்றன. தொந்தரவு செய்யாமல் விட்டால் அவை வரும் என்று தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். திரங்கானு பக்கத்துச் சிறு தீவுகளில் ஆலா முட்டைகளைப் பொறுக்கிச் சாப்பிடும் வழக்கத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசினார். பசிக்காகச் செய்ததை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம், ஆனால் இனி வேண்டாம் என்றார். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மர ஆலாக்களைச் செதுக்கித் தந்த தச்சர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது? வெறும் அலங்காரம் என்று சிலர் நினைத்திருக்கலாம். சீனக் கொண்டை ஆலா அழிந்தே போனது என்று நினைத்திருந்த காலத்தில், 2000ஆம் ஆண்டு மாட்சு தீவுகளில் அது மீண்டும் கண்ணில் பட்டது. பிறகு 2013இல் சீனாவின் ஜெஜியாங் கரையில் ஒரு சிறு தீவில் பொம்மை ஆலாக்களை நட்டு, ஒலிபெருக்கியில் ஆலாவின் குரலையும் போட்டார்கள். கூட்டம் இருக்கிறது என்று நம்பி நிஜப் பறவைகள் இறங்கின, குஞ்சும் பொரித்தன. கூட்டமாக வாழும் பறவைக்குத் தனியாக இறங்கத் தைரியம் வராது. அண்ணன் செய்த பொம்மைகள் எந்தப் பாறைக்கும் போகப் போவதில்லை. ஆனால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொன்னார்கள்.

அப்புறம், மண்டபத்தை இலவசமாகத் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், பிள்ளைகளை அனுப்பிய தலைமையாசிரியருக்கும், இரண்டு நாளும் நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அக்காமார்களுக்கும், மலாய்ப் பெயர்களைச் சரிபார்த்துத் தந்த பக்கத்துப் பள்ளி சிக்குவுக்கும் (ஆசிரியருக்கும்) நன்றி. எண்ணிய பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதினால் மடல் நீண்டுவிடும். வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணிக்கையை விடாமல் சொன்ன ஐந்தாம் ஆண்டு மாணவியை மட்டும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அம்மா, உன் எண்தான் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் ஓர் உதவி வேண்டும். அறுபது எழுபதுகளில் பங்கோர், செம்பிலான் பக்கம் சுற்றுலா போன குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. பழைய ஆல்பத்தில் பாறையும் பறவையும் பின்னால் தெரிகிற படம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்தக் காலத்துப் புத்தகம் நம்மிடம் இல்லாத குறையை இந்தப் படங்கள் கொஞ்சமாவது தீர்க்கும். அடுத்த ஆண்டு இதே மாதம், இதே பாறைகள், இதே கட்டம். தெக்கோங் அண்ணன் இப்போதே சரி என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
கடல் பறவை எண்ணும் பிள்ளைகளின் சார்பில், அவர்களுடைய ஆசிரியை