வரைபடத்துக்கு இன்னொரு முறை ஏன் காசு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நில ஆவணங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது: அரசு தன் வரைபடத் தரவை எல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டால் நில அளவைப் பணிக்கு நிதி எங்கிருந்து வரும்? கேட்டுவிட்டு, பதில் சொல்லாமலே கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். மூன்று நாளாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இதுவரை எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் வரும். 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலையடியில் சங்கிலியை விரித்து, பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினாரே, அந்தச் செலவும் இந்த மண்ணில் வசூலித்த வரியில் நடந்ததுதான். இன்று ட்ரோன் பறந்தாலும் அதே கதைதான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் நாட்டின் வரைபடத் தரவை மேம்படுத்தும் தேசியப் புவிசார் இயக்கத்துக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது யார் பணம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவன். மேல்நிலை மாணவர்களுக்கு, மேடு பள்ளம், ஓடை, ஊர் எல்லாம் காட்டும் இடவிளக்கப் படத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டும், அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 1990களில் எங்கள் பகுதித் தாளைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். கடலோரத் தாள், பாதுகாப்பு காரணமாகக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் தருமபுரிப் பக்கத்துத் தாள் ஒன்று கிடைத்தது. மதுராந்தகம் வட்டத்துப் பிள்ளைகள், தாங்கள் பார்த்தே இராத மலைகளின் சமஉயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, விரலால் தடவிக் கற்றார்கள். "சார், நம்ம ஏரி எங்கே சார் இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

2005இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, ராணுவத்துக்கு ஒரு வரைபட வரிசை, மக்களுக்கு ஒரு வரைபட வரிசை என்று பிரித்தார்கள். 2017இல் ஆதார் எண்ணைக் கொடுத்தால் மக்களுக்கான தாளைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் பிடிஎஃப் என்பது படம், பார்க்கலாம், அச்சடிக்கலாம். அதிலுள்ள ஓடையையும் ஏரிக்கரையையும் தனித்தனியாக எடுத்துக் கணக்குப் போட முடியாது. தவிர, 1:50,000 அளவிலுள்ள அந்தத் தாளில் சமஉயரக் கோடு பெரும்பாலும் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. எங்கள் ஊர் போன்ற சமவெளியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

2015 வெள்ளத்தின்போது எங்கள் ஊர் ஏரியின் கலங்கலில், அதாவது உபரி நீர் வழியும் இடத்தில், விழுந்த தண்ணீர் ஓடைக்குப் போகாமல் காலனிக்குள் புகுந்தது. அதே சமயத்தில் சென்னையில் இளைஞர்கள், யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தண்ணீர் நிற்கும் தெருக்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

அப்புறம் என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது பொறியாளர், "நம் ஏரியின் வரத்துக்கால், போக்குக்கால் எல்லாவற்றையும் நாமே வரைந்துவிடலாம் சார்" என்றாள். நில ஆவண இணையதளத்தில் புலப்படம், அதாவது ஒவ்வொரு நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் படம், கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு சர்வே எண்ணாகத்தான் எடுக்க வேண்டும். எழுபத்திரண்டு புலப்படங்களை எடுத்து அச்சடித்து, பள்ளித் தாழ்வாரத்தில் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் ஒட்டினோம். ஒரு தாளில் இருக்கும் அளவுகோல் பக்கத்துத் தாளில் இல்லை. ஒன்றில் நன்றாக வரும் ஓடை அடுத்ததன் விளிம்பில் நின்றுவிடுகிறது. மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும். வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தோம். முழங்கால் வலி ஒரு மாதம் போகவில்லை.

ஒன்றாகச் சேர்த்த கணினிக் கோப்பைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். "இருக்கு சார், கொடுக்க உத்தரவு இல்லை." சரி, இணையத்தில் இருப்பதைப் பார்த்து வரைந்து பொதுவில் போடலாமா என்று கேட்டேன். "பார்க்கலாம் சார், வேற எதுலயும் போடக் கூடாது." அப்படி எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எழுதித் தரவும் முன்வரவில்லை.

பணத்தைவிட இதுதான் பெரிய தடை. யார் எதற்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதி சொல்லும் உரிமம் என்ன என்று ஒரு வரி எழுதாத தரவு, பூட்டிய வீட்டுத் திண்ணை மாதிரி. 2017லேயே மத்திய அரசு திறந்த தரவுக்கென்று ஓர் உரிமம் வெளியிட்டிருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். புதிதாக எதையும் எழுத வேண்டாம், அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட, வரைபடத் தரவுக்கான புவிசார் வழிகாட்டு நெறிமுறைகளையும் பார்த்திருப்பீர்கள். பொதுப் பணத்தில் உருவான தரவு, பாதுகாப்புத் துறைகளின் ரகசியத் தரவு நீங்கலாக, எல்லா இந்தியர்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே இடத்தில், அரசுத் துறைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு நியாயமான, வெளிப்படையான விலை என்றும் இருக்கிறது. நாங்கள் மற்றவர்களாம். வரி கட்டும்போது நாங்கள் மற்றவர்கள் இல்லையே ஐயா!

நிதியைப் பற்றிக் கேட்ட கட்டுரையாளருக்காக இரண்டு விஷயங்கள். அமெரிக்கா 2008 வரை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் ஒன்றை 600 டாலருக்கு விற்றது. அதிகம் விற்ற வருடத்திலேயே சுமார் 25,000 படங்கள்தான் போயின. இலவசமாக்கிய பிறகு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிப் போயிற்று. ஒரு படத்தில் வராத டாலரைவிட, பயிர்க் கணக்கிலும் காட்டுத்தீயிலும் தண்ணீர்ப் பங்கீட்டிலும் திரும்பி வந்த பலன் பெரிது. டென்மார்க் 2013இல் தன் அடிப்படை வரைபடத்தையும் உயரத் தரவையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு துறை அளந்ததை இன்னொரு துறை மறுபடி அளக்காமலும், விலை கொடுத்து வாங்காமலும் இருந்தாலே அரசுக்கு எவ்வளவோ மிச்சம். இங்கே ஒரே ஓடையை வருவாய்த் துறை ஒரு மாதிரியும் நீர்வளத் துறை இன்னொரு மாதிரியும் வரைந்து வைத்திருப்பது உங்கள் நிருபர்களுக்கே தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அந்த வாக்கியத்துக்கு ஒரு சிறு விளக்கம் போடுங்கள். 2021 நெறிமுறையின் அந்த மூன்று வரிகளைத் தமிழில் அப்படியே அச்சிடுங்கள். நிருபர் ஒருவரை அனுப்பி, கிராமப் புலப்படங்கள் எந்த உரிமத்தில் வெளியாகின்றன என்று எழுத்தில் பதில் வாங்கித் தாருங்கள். நாங்கள் ஒட்டிய எழுபத்திரண்டு தாளும் பள்ளியின் பழைய ஆய்வகத்தில் சுருட்டி வைத்தபடி இருக்கின்றன. அதைப் பொதுவில் போடலாமா கூடாதா என்று தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
மதுராந்தகம் வட்டம்