மாதிரிக் கட்டுரையை மூடிவைத்து நம் ஊரை எழுதச் சொல்லுங்கள்

கெடா மாநிலம், பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 1988-இல் தொடங்கி 2021-இல் ரத்தானது. அந்தத் தேர்வுக்காகப் பழக்கிய மனனக் கட்டுரைதான் இன்னும் ரத்தாகவில்லை. நாலாம் ஆண்டுப் பிள்ளையிடம் ரப்பர் மரத்தைப் பற்றி எழுதச் சொன்னால், பயிற்றியில், அதாவது பயிற்சி நூலில், இருப்பதை வரி பிசகாமல் இறக்கிவைக்கிறது. மாதிரிக் கட்டுரைகளைக் கேட்டு வாங்குவது பெற்றோர்தான் என்பதும் தெரியும். அதனால்தான் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: பால் வெட்ட ஏன் விடியுமுன்னே போகிறார்கள்? வீட்டில் தாத்தாவோ பாட்டியோ, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பார்கள். பிள்ளை அதை எழுதிக்கொண்டு வரட்டும். காரணத்தை ஆசிரியர் சேர்க்கலாம். இரவில் இலை வழியாக அதிக நீர் வெளியேறாது. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், வெட்டியதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறையும். வேலை செய்தவரின் வாய்மொழியும் அதற்கான அறிவியலும் கிடைத்துவிட்டன. ஒன்பது பத்து வயதுக்குத் தகவல் கட்டுரை என்றால் இது போதும்.

வேர்ச்சொல்லுக்கும் தனிப் பட்டியல் வேண்டாம். அதே கட்டுரையில் வெட்டினார், வெட்டிய, வெட்டாத, பால்வெட்டு எல்லாம் வந்திருக்கும். ஒட்டு என்றால் ஒட்டுப்பாலும் உண்டு, ஒட்டுக்கன்றும் உண்டு. அப்புறம் நட்டார், நடந்தார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று நடு, மற்றது நட. இதைப் பிரித்த பிள்ளை 'நடவு' எதிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது புராணக் கதைப் பகுதி. கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நிறையவே வேண்டும். சமையல் செய்தவரின் விரல் அறுபட்டு இரத்தம் கீரையில் விழ, அந்த ருசிக்கு அடிமையான ராஜா பெர்சியோங் கதை நம் கெடா மண்ணின் கதை. அதைச் சொன்னால் கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான். கெடாவின் பழைய அரச வரலாற்றுக் கதையான மேரோங் மகாவங்சாவில் கருடன் நபி சுலைமானோடு பந்தயம் கட்டுகிறது. நம் புராணத்தில் அதே கருடன் திருமாலின் வாகனம். இரண்டு கருடனையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் ஒரு வாரப் பாடமே நடக்கும்.

ஆனால் கதையும் தகவலும் ஒரே கட்டுரையில் கலந்துவிடுவதை நாமே தட்டிக்கொடுக்கிறோம். நம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள சண்டிகள், அதாவது அந்தப் பழங்கோயில் எச்சங்கள், எல்லாமே இராஜேந்திர சோழன் கட்டியவை என்று ஒரு பிள்ளை மேடையில் பேசினால் கைதட்டல் கூரையைப் பிய்க்கிறது. சோழன் கடாரத்தின் மீது, அதாவது இந்தக் கெடாவின் மீது, படையெடுத்தது 1025 வாக்கில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பௌத்தக் கல்வெட்டுகள் இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. சுங்கை பத்துவில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் உண்டு. இவ்வளவும் பக்கத்திலேயே இருக்கும்போது பெருமைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை என்ன? 2013-இல் ஒரு சண்டியை இடித்துத் தரைமட்டமாக்கிய செய்தி வந்ததே, அதையும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதலாம். என்ன நடந்தது, எப்படித் தெரியவந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று.

சங்கத்தினரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த கட்டுப் பயிற்றிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள்கள் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் கையில் வெறும் நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். பார்த்தது ஒரு பக்கம், கேட்ட கதை எதிர்ப்பக்கம் என்று எழுதட்டும். எழுதியதை எழுத்துப்பிழையோடேயே பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள், திருத்தத்தைப் பிறகு பார்க்கலாம். வழித்துணைக்குப் பெரியவர்கள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பீடோங்கிலிருந்து ஒரு பெற்றோர்