ஜப்பானில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கைக்கு வரும் ஜப்பான் சுற்றுலா நோட்டீசுகளில் டோக்கியோ, ஃபுஜி மலை, கியோட்டோ கோயில்களுக்குக் கீழே 'பேஸ்பால் மேட்ச்' என்றும் ஒரு வரி தலைகாட்டுகிறது. நல்லதுதான். ஆனால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து வாசலில் இறக்கிவிடுவது வேறு, கூட உட்கார்ந்து காட்டுவது வேறு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் காளையைப் பார்ப்பாரா, கூட்டத்தின் முதுகைப் பார்ப்பாரா என்பது அவரை நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. அங்கேயும் அதே கதைதான்.

இதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். 2018 ஜனவரி வரை, தேர்வு எழுதி உரிமம் பெற்ற வழிகாட்டிகள்தான் பணம் வாங்கிக்கொண்டு அந்நிய மொழியில் சுற்றிக்காட்டலாம். சட்டம் மாறியபின் யாரும் செய்யலாம். உரிமம் பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளத்தான் கூடாது. தொண்டாகச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கூலி கிடையாது. போக்குவரத்து, நுழைவுக் கட்டணம், சாப்பாடு நம் பொறுப்பு.

அங்கே தொழில்முறை பேஸ்பால் லீக் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை நடக்கும்; 12 அணிகள், அணிக்கு 143 ஆட்டங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் ஓய்வு. நம் பிள்ளைகளின் ஏப்ரல், மே விடுமுறைக்குப் பொருந்திவரும். ஆனால் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அங்கேயும் தொடர் விடுமுறை என்பதால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரசிகர் மன்றத்தாருக்குப் போக மிச்சம்தான் பொது விற்பனைக்கு வரும். விற்பனைத் தளங்கள் சில ஜப்பானியக் கைபேசி எண் கேட்டு அப்படியே நின்றுவிடும். நம் வங்கி அட்டையை ஏற்காததும் உண்டு. உள்ளூர் ஆள் தேவைப்படும் முதல் இடம் இதுதான்.

அதைவிட முக்கியம் இருக்கை. கொம்பும் முரசும் முழங்குவது அவுட்ஃபீல்டில், அதாவது மட்டை பிடிப்பவருக்கு எதிரே தூரத்தில் இருக்கும் இருக்கைகளில். ஒசாகாவை அடுத்த கோஷியென் மைதானத்தில் வலப்பக்க அவுட்ஃபீல்டு முழுக்க அந்த மைதானத்தின் சொந்த அணியான ஹன்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள். எதிரணி ஜெர்சியோடு அங்கே உட்கார முடியாது. வயதானவர்களை அங்கே உட்கார வைத்தால் பாதி ஆட்டம் நின்றே பார்க்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு மட்டை பிடிக்கும் இடத்துக்குப் பக்கமான இன்ஃபீல்டு இருக்கைதான் சரி, விலை கூடினாலும். ஆகஸ்டில் கோஷியென் போனால் பெரும்பாலான நாட்களில் டைகர்ஸ் இருக்காது. பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டிக்கு மைதானத்தை விட்டுக்கொடுத்து வேறு மைதானங்களுக்குப் போய்விடுவார்கள். அந்தப் போட்டியும் பார்க்க வேண்டியதுதான்.

கூச்சலுக்கும் முறை உண்டு. தம் அணி மட்டை பிடிக்கும்போதுதான் பாட்டும் கொட்டும். எதிரணியின் முறை வந்தால் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு. நல்ல வழிகாட்டி அன்றைய ஒன்பது பேரின் பாட்டில் இரண்டு மூன்றையாவது நம் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லித்தருவார். டோக்கியோ ஜிங்கு மைதானத்தில் அதன் சொந்த அணியான யாகுல்ட் ஸ்வாலோஸ் ஒரு ரன் எடுத்தால், ரசிகர்கள் சின்னக் குடையை விரித்துத் தூக்கி ஆடுவார்கள். ஏழாவது இன்னிங்ஸிலும் அந்தக் குடை ஆட்டம் உண்டு (இரு அணியும் ஒரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்; வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ் ஓர் ஆட்டம்). குடை அங்கேயே கடையில் கிடைக்கும். முன்னதாக வாங்கிவிட வேண்டும்.

நோட்டீசுகளில் 'இரண்டு மணி நேரம்' என்று போடுவது சுத்தத் தவறு. ஆட்டம் மூன்று மணி நேரம் தாண்டும். சமநிலையில் நின்றால் 12 இன்னிங்ஸ் வரை இழுக்கும். மாலை 6 மணி ஆட்டத்துக்கு 8 மணிக்கு பஸ் கிளம்பினால் அந்த ஏழாவது இன்னிங்ஸே போச்சு.

சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்கவேண்டும். நூடுல்ஸ் சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் சாறு பெரும்பாலும் மீனில் எடுத்ததுதான். தாகோயாகி என்ற மாவு உருண்டைக்குள் கணவாய்க்கு உறவான ஆக்டோபஸ். 'கறி ரைஸ்' என்ற குழம்புச் சோற்றிலும் பெரும்பாலும் இறைச்சி. உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா அவரை எளிதாகக் கிடைக்கும். டின் பானங்களை வாசலிலேயே காகிதக் கோப்பையில் ஊற்றச் சொல்வார்கள். டோக்கியோ டோம் என்ற மூடிய மைதானத்தில் 2022 முதல் ரொக்கம் செல்லாது, அட்டைதான்.

கோஷியெனுக்கும் ஜிங்குவுக்கும் ஆடுகளத்தை மூடும் கூரை கிடையாது. மழையில் ஆட்டம் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பி வரும். வழிகாட்டியின் கட்டணம் திரும்புமா என்பதை முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
காரைக்குடி