மேலாளர் இல்லாத அலுவலகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலாளரே இல்லாத நிறுவனங்களைப் புகழ்ந்து தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மண்டபம் என்னும் எங்கள் ஊரில் வீட்டிலிருந்தபடியே அத்தகைய மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாண்டுகள் வேலை பார்த்தவன் நான். மேலாளர் இல்லாமல் இயங்குவதாகச் சொல்லும் அமெரிக்காவின் கணினி விளையாட்டு நிறுவனமான வால்வின் பணியாளர் கையேடு 2012-இல் வெளியே வந்தபோது, மேசைகளுக்குச் சக்கரம் வைத்திருப்பதே விரும்பிய குழுவுக்கு உருட்டிச் செல்லத்தான் என்றது. எனக்கு உருட்ட மேசை இல்லை. ஆயினும் எந்தப் பணியை எடுப்பது என்பதை நானே முடிவு செய்தேன், விடுப்புக்காக யாரிடமும் கெஞ்சவில்லை, அது உண்மையிலேயே இனித்தது. ஊதிய உயர்வு கேட்டபோதுதான், முடிவெடுப்பவர் யாரென்றே தெரியாமல் ஆறு பேரிடம் அலைந்தேன். ஒவ்வொருவரும் ‘இங்கே எல்லாரும் சமம்’ என்றார்களே தவிர, நிறுவனருடன் தினமும் பேசும் இருவர் தலையசைத்த பிறகே தொகை ஏறியது. எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும் மீனவர்களுக்கு, வலையின் உரிமையாளரான சம்மாட்டி யார் என்பது கயிற்றில் கை வைக்குமுன்பே தெரியும். அதிகாரமே இல்லை என்று சொல்லும் நிறுவனங்கள், ஊதியத்தையும் பணிநீக்கத்தையும் தீர்மானிப்பவர் யார் என்பதையாவது பணி ஆணையில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பணியாளர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.